கட்டுச்சோறும் டீசல் ஹீட்டரும்

அக்டோபர் 9, வியாழன்

இன்றைக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

காலையில் மகள் நித்திலா ஊட்டியிலிருந்து போன் செய்தாள். ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பிரசவம் ஆகும்வரை மலைப்பாதையில் இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "அதனால கரூருக்கு வரலம்மா. இங்கயே பாத்துக்கறேன்" என்றாள். ஏதோ சினிமாவுக்கு வரவில்லை என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வகைவகையாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், ஊரைக் கூட்டி விருந்து வைத்து, பெண்ணைக் கையோடு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம். நான் புளிசாதத்துக்குப் புளிகூட எடுத்து வைத்துவிட்டேன். நீ போய் அங்கே இரேன் என்பார்கள். சம்பந்தி வீட்டில் ஒரு வேளை சாப்பிடலாம், இரண்டு நாள் தங்கலாம். மாசக்கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் அடுப்பில் என் பெண்ணுக்குப் பத்தியக் குழம்பு வைக்க முடியுமா? எனக்கென்ன ரோஷம் இல்லையா?

இவர் தோசையைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பிடியே உக்காந்திருந்தா ஆச்சுங்களா? அவ வர முடியாதுன்னா, நம்ம வீட்டப் பேத்தெடுத்துட்டுப் போயி அங்க வெக்கறதுங்களா?" என்று கத்தினேன்.

கோபத்தில் கத்தினதுதான். ஆனால் இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

நான் பயந்தது சரிதான். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து முப்பது வருஷமாகப் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறவர். ஒரு காலேஜ் ஆர்டர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய மினி பஸ் ஒன்று பட்டறையில் நின்றுகொண்டிருந்தது. இன்று போய்ப் பார்த்தால் அதன் சீட்டெல்லாம் கழற்றி வெளியே கிடக்கிறது.

"என்னங்க இது?"

"நீதான சொன்ன, வீட்டத் தூக்கிட்டுப் போலாம்னு. கட்டில் இங்க, அடுப்பு இங்க, தண்ணி டேங்கு மேல. சம்பந்தி வீட்டு வாசல்ல கொண்டு போயி நிறுத்திட்டா அது நம்ம வீடு. கட்டுச்சோறு முடிஞ்சதும் நம்ம அம்மிணி நேரா ஏறி வந்துர வேண்டியதுதான். மலை எறங்க வேண்டியதில்லையே!"

இந்த மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

அடுப்பை மட்டும் ஜன்னல் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நித்திலாவிடம் விஷயத்தைச் சொன்னோம். போனிலேயே தலையில் அடித்துக்கொண்டது கேட்டது.

"அம்மா, ஊரே சிரிக்கும்! எங்க பேங்க்ல என்ன நெனப்பாங்க? நாலு ரூம் இருக்கற வீட்ட விட்டுட்டு நான் போயி பஸ்ஸுல படுத்துக்கறதா? இங்க அத்தை இருக்காங்க, அவர் இருக்காரு, ஆஸ்பத்திரி பக்கத்துல. எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

நல்லாத்தான் இருக்கேன் என்பாள். போன வருஷம் மூன்றாம் மாதத்தில் கலைந்தபோதும் அப்படித்தான் சொன்னாள். எனக்கு விஷயமே நாலு நாள் கழித்துத்தான் தெரியும். "நீ பதறிப்போவன்னுதாம்மா சொல்லல" என்றாள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ரவை உருண்டைக்கு நெய் காய்ச்ச வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி முடிந்தது. வீட்டில் பேச்செல்லாம் குளிரைப் பற்றித்தான். மார்கழியில் ஊட்டியில் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாக நிற்கும். இரும்புத் தகட்டு வண்டிக்குள் பச்சைக் குழந்தையோடு எப்படி இருப்பது? சுவருக்கும் கூரைக்கும் உள்ளே தெர்மாகோல் வைத்துப் பலகை அடித்துவிட்டார். அது போதாது, ஹீட்டர் வேண்டும்.

கோயமுத்தூர் போய்க் கரண்டில் ஓடும் ஃபேன் ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தார். பட்டறை எலக்ட்ரீஷியன் அப்பாஸ் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஒயர் இழுத்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் கம்பி சிவந்து, காற்று ஜம்மென்று சூடாக வந்தது. இவர் என்னைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டிக்குள் லைட் மங்கி, ஹீட்டர் முனகி, எல்லாம் அணைந்துவிட்டது.

"மொதலாளி, ஃபேன் ஓட்டறதுக்கு பேட்டரி போதும். சூடு உண்டாக்கறதுக்கு எந்த பேட்டரியும் தாங்காது" என்றார் அப்பாஸ். "சம்பந்தி வீட்டு லைன்ல இருந்து ஒயர் இழுத்தா நிக்கும்."

"அதெல்லாம் ஆகாது" என்றேன் நான். சம்பந்தி வீட்டுக் கரண்டில் குளிர்காய்ந்துகொண்டு அதை எப்படி அம்மா வீடு என்று சொல்வது?

இவர் என்னைக் கிண்டலாகப் பார்த்தார். "நீ இத ஒத்துக்கவே மாட்டேன்னு சொன்னியே!"

"இப்பவும் ஒத்துக்கல. செய்யறதச் சரியாச் செய்யுங்கன்னுதான் சொல்றேன்."

நவம்பர் 5, புதன்

டீசல் ஹீட்டர் வந்துவிட்டது. லடாக் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் வைத்துக்கொள்வதாம். டெல்லியிலிருந்து பார்சல். ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பெட்டி, கொஞ்சம் பைப்பு, ஒரு குட்டிப் பம்பு. உள்ளே டீசல் சொட்டுச் சொட்டாக எரியும், புகை தனிக் குழாயில் வண்டிக்கு அடியில் வெளியே போய்விடும், ஃபேன் சூடான காற்றை மட்டும் உள்ளே தள்ளும். ஃபேனுக்கும் பம்புக்கும் பேட்டரி போதுமாம்.

புகை உள்ளே வராதென்று என்ன நிச்சயம் என்று கேட்டேன். அப்பாஸ் கூரையோரமாக ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைத் திருகினார். விஷப்புகை கொஞ்சம் வந்தாலும் அது கத்துமாம். என் முன்னால் நாலு முறை கத்தவிட்டுக் காட்டிய பிறகுதான் மேலே வேலை செய்ய விட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றைக்குச் சோதனை ஓட்டம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் பொருத்தி, தரையில் ஓட்டை போட்டுப் புகைக்குழாயை வெளியே விட்டார்கள். சூடான காற்றைக் கொண்டுபோக இவர் தனியாகப் பைப்பே போடவில்லை. கூரையில் இரண்டு பக்கமும் ஏ.சி. காற்றுக்காக ஏற்கெனவே குழல் ஓடுகிறது, தலைக்கு மேலே உருண்டை உருண்டையாகத் திறப்பு. அதிலேயே சேர்த்துவிட்டார். "எத்தன பஸ்ஸு கட்டியிருப்பன்! ஒவ்வொரு சீட்டுக்கும் காத்து சரியாப் போயி எறங்கும், பாரு" என்றார்.

கரூரில் வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதில் ஜன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு, நான், இவர், அப்பாஸ், வெல்டர்கள் இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டோம். பம்பு டிக் டிக் என்று அடித்தது. அடேயப்பா! கொஞ்ச நேரத்தில் வெல்டர் ஒருவர் சட்டையைக் கழற்றினார். அப்பாஸ் மூஞ்சியில் வியர்வை ஆறாக ஓடுகிறது. என் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"போதுங்களா மொதலாளி?"

"சித்த நேரம் இருப்பா."

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் வெளியே விழுந்தோம். பட்டறையில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தொப்பலாக நனைந்துபோய் நின்றுகொண்டு இவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "சக்சஸ்! ஊட்டிக் குளிரு எம்மாத்தரம்!"

நவம்பர் 23, ஞாயிறு

மாப்பிள்ளையின் அம்மா ரங்கநாயகி போன் செய்தார். நல்லவர். நல்லவராக இருப்பதுதான் எனக்குத் தொந்தரவு. சண்டை பிடிக்கவே முடியாது.

"ஏனுங்க சம்பந்தி, எங்க வீட்டுல ரூமு ரூமாக் காலியாக் கெடக்குது. வாசல்ல பஸ்ஸ நிறுத்தித்தான் உங்க புள்ளையப் பாத்துக்கோணுங்களா? நாங்க பாத்துக்க மாட்டமுங்களா?"

"அப்பிடியெல்லாம் இல்லீங்க சம்பந்தி. மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. எல்லாம் இவரோட பிடிவாதமுங்க. நான் எவ்வளவோ சொன்னனுங்க."

போனை வைத்ததும் இவர் கேட்டார், "என்னோட பிடிவாதமா?"

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சுக்கு, திப்பிலி, ஓமம், பிரசவ மருந்துச் சாமான் எல்லாம் காயவைத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் எனக்கென்று ஒரு அலமாரி அடித்திருக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, அழகாக அடித்திருக்கிறார்.

டிசம்பர் 5, வெள்ளி

வந்து சேர்ந்துவிட்டோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. நான் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு முருகா முருகா என்றேன். அப்பாஸும் கூட வந்திருக்கிறார்.

ஊட்டிக்கு வெளியே, கேரட் கழுவும் மெஷின் வைத்திருக்கிறார் மாப்பிள்ளை கேசவராஜ். அதற்குப் பக்கத்தில்தான் வீடு. வாசலில் வண்டியை நிறுத்தியதும் கேரட் மூட்டை கட்டுகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஆசையாக உள்ளே ஏறி எல்லாவற்றையும் திறந்து திறந்து மூடினார்.

நித்திலா வாசற்படியில் நின்றிருந்தாள். வயிறு நன்றாக முன்னால் வந்திருக்கிறது, முகம் சின்னதாகிவிட்டது. "நெஜமாவே கொண்டு வந்துட்டீங்களா" என்றாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நான் அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

கட்டுச்சோறு விருந்து ஜாம் ஜாமென்று நடந்தது. புளிசாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல், எல்லாம் என் அடுப்பில், என் வண்டியில் செய்தது. குளிரில் தயிர் சாதத்தைப் பார்த்து நடுங்காதவர்கள் இல்லை.

வளையல் அடுக்கி, ஆரத்தி எடுத்து, "பொண்ண அனுப்பி வெச்சுட்டோம், பத்தரமாப் பாத்துக்குங்க" என்று சம்பந்தியம்மா முறைப்படி சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. நித்திலா வாசலைத் தாண்டி, படியேறி, எங்கள் வண்டிக்குள் வந்தாள். ஒறம்பரை சொந்தங்களெல்லாம் கூடவே வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். கேரட் லோடு ஏற்ற வந்திருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

என் பெண் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இவர் ஹீட்டரைப் போட்டார். எனக்கு வேறு என்ன வேண்டும்?

டிசம்பர் 8, திங்கள்

மானம் போய்விட்டது.

ராத்திரியெல்லாம் ஹீட்டர் ஓடியது. ஆனால் எனக்குத் தலையெல்லாம் வேர்க்கிறது, கால் இரண்டும் மரத்துக்கிடக்கிறது. எழுந்து நின்றால் சித்திரை மாசம், படுத்தால் மார்கழி. மேல் தட்டில் வைத்த தேங்காய் எண்ணெய் தண்ணீராக இருக்கிறது. தரையில் வைத்திருந்த அதே தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்திருக்கிறது. நித்திலாவிடம் குளிருகிறதா என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கேன் என்றாள். ஆனால் போர்வைக்குள் காலை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

விடிந்ததும் சம்பந்தியம்மா கம்பளியோடு வந்து கதவைத் தட்டினார். நித்திலாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கம்பளியைச் சுற்றிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவளும் போய்விட்டாள்.

கட்டுச்சோறு போட்டு அழைத்து வந்த பெண், மறுநாளே மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். இந்த மாதிரி எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? ஊருக்குக் கிளம்பலாம் என்று இவரிடம் சொன்னேன். இவர் கூரைத் திறப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை, ஆனாலும் என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அழுதேன். எழுதினால் என்ன?

டிசம்பர் 9, செவ்வாய்

சம்பந்தியம்மா காபி கொண்டு வந்தார். எங்கள் வண்டிக்குள் இன்றுதான் முதல்முறையாக உட்காருகிறார். காபியைக் கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, சூடு அங்க இருந்துங்களா வருது?"

"ஆமாங்க. எல்லா பஸ்ஸுக்கும் காத்து மேல இருந்துதானுங்க வுடறது" என்றார் இவர் விறைப்பாக.

"அது கரூருல, குளுமையான காத்துக்குங்க. அது மேல இருந்து தானா எறங்கும். சூட்டுக்காத்து எறங்குமுங்களா? நாங்க இங்க கணப்புச் சட்டியத் தரையில வெக்கிறமுங்க. பரண் மேலயா வெக்கிறோம்?"

இவர் அண்ணாந்து கூரைத் திறப்பைப் பார்த்தார். பிறகு அப்பாஸ்தான் முதலில் சிரித்தார், அடக்க முடியாமல். வாழ்நாள் முழுக்க வெக்கையை விரட்டுவதற்கே பஸ் கட்டிய மனுஷன், சூடு எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கவே இல்லை! கரூர் வெயிலில் உட்கார்ந்து சோதனை செய்தால், மேலே என்ன, கீழே என்ன? இவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தியம்மா சிரித்துச் சிரித்து இருமினார். கடைசியில் இவரும் சிரித்தார், தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டு.

அப்புறம் உட்காரவில்லை. கூரைக் குழலிலிருந்து பைப்பைப் பிடுங்கி, கட்டிலுக்கு அடியில் இரண்டு பக்கமும் தரையோடு தரையாக ஓடவிட்டார்கள். காலடியில் இரண்டு, கதவுப் பக்கம் ஒன்று, கட்டிலோரம் ஒன்று எனத் திறப்பு. பலகையில் ஓட்டை போட மாப்பிள்ளை கேரட் மெஷின் ரிப்பேருக்கு வைத்திருந்த டிரில்லைக் கொண்டு வந்து கொடுத்தார்.

டிசம்பர் 10, புதன்

கால் சுடுகிறது! முருகா, கால் சுடுகிறது!

டிசம்பர் 12, வெள்ளி

சந்தோஷம் ஒரு நாள்தான். புகைக்குழாயில் கறுப்பாகப் புகை கக்க ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு உயரத்தில் காற்று மெல்லிசாம், ஹீட்டருக்கும் மூச்சு வாங்குகிறதாம். அப்பாஸ் கழற்றிக் கரியைத் துடைத்து, டீசல் சொட்டைக் குறைத்து வைத்தார். இப்போது புகை இல்லை. வெள்ளைப் பெட்டியும் கத்தவில்லை.

அப்பாஸ் இன்று ஊருக்குக் கிளம்பினார். "அக்கா, நித்திலா பாப்பா வந்து படுத்துப் பாத்துச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க" என்றார். படுத்தால்தானே?

டிசம்பர் 14, ஞாயிறு

மத்தியானம் நித்திலா வந்தாள். பத்தியப் பொடியில் உப்பு இருக்கிறதா என்று கேட்க வந்தாளாம். உட்கார் என்று சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். காலைத் தொங்கவிட்டதும் காற்று பாதத்தில் பட்டது. விரலை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ ஆபீஸ் கதை சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் நின்றுபோனது.

திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளையில் தூங்குவாளே அப்படி.

நான் அரைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன். மிக்ஸி போட்டால் எழுந்துவிடுவாள். ஸ்பூனைக்கூடக் கீழே வைக்கவில்லை. இவர் ஏதோ சுத்தியலோடு படியேறினார். நான் முழித்த முழியில் அப்படியே பின்னாலேயே இறங்கிப் போய்விட்டார். பொழுது சாயும்வரை அவள் தூங்கினாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாசத்திலேயே இன்றுதான் நல்ல நாள்.

எழுந்ததும் "அய்யோ, இவ்வளவு நேரமா?" என்று வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

பகலில் தினமும் வருகிறாள். பாதத்தைச் சூட்டில் காட்டிக்கொண்டு என் குழம்பைச் சாப்பிடுகிறாள். படுக்கை மட்டும் அங்கேதான்.

இன்று அவளுடைய பேங்க் ஆட்கள் பார்க்க வந்தார்கள். வீட்டு ஹாலில் உட்காரவைத்தாள். பலகாரம் கொண்டு போனேன். ஒரு பெண் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அது என்ன வண்டி, புதுசா இருக்கு?" என்றாள். "அப்பாவோட வண்டி. விக்கறதுக்காக இங்க நிறுத்தியிருக்காரு" என்றாள் நித்திலா. என்னைப் பார்க்கவில்லை.

எனக்கொன்றும் வருத்தமில்லை. சாயங்காலம் கொள்ளு ரசம் வைத்தேன். உப்பு அதிகமாகிவிட்டது என்று இவர் சொன்னார். இருக்கட்டும், குடிங்க என்றேன்.

டிசம்பர் 26, வெள்ளி

புல்வெளி முழுக்க உறைபனி. இவர் வெள்ளையாக இருக்கிறதே என்று தொட்டுப் பார்க்கப் போய் வழுக்கி உட்கார்ந்தார். சம்பந்தியம்மா எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். இப்போதெல்லாம் சாயங்காலம் நம் வண்டியில்தான் அவர் கீரை ஆய்கிறார், காலைத் திறப்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டு.

"என்ற வீட்ட விட இது கதகதன்னு இருக்குதுங்க சம்பந்தி. அவ ஏன் இங்க படுக்க மாட்டேங்கறான்னு தெரியல."

"அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப வரட்டுமுங்க" என்றேன். நானா இப்படிப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

ஜனவரி 1, வியாழன்

பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் சம்பந்தியம்மா ஓடி வந்தார். நித்திலாவுக்கு ரத்தம் பட்டிருக்கிறது. டாக்டரம்மா போனிலேயே, எழுந்து உட்காரவிடாதீர்கள், படுக்கவைத்தே கொண்டு வாருங்கள் என்றார். மாப்பிள்ளையின் சின்னக் காரில் எப்படிப் படுக்கவைப்பது? இவர் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தார். மாப்பிள்ளை அவளைத் தூக்கி வந்து கட்டிலில் படுக்கவைத்தார். ஒரு பாத்திரம் உருளாமல் இவர் ஓட்டினார். இப்படி மெதுவாக இவர் ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, போன தடவ தனியாத்தான் கார் ஓட்டிட்டுப் போனேன். அவரு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போயிருந்தாரு. உன்னக் கூப்புடணும்னு போன எடுத்து எடுத்து வெச்சேன். கை எல்லாம் வெறச்சுப் போயிருந்துச்சும்மா."

"பேசாம படு சாமி. இப்ப நான் இருக்கறன்ல?"

"ம்."

"கால் சூடா இருக்குதா கண்ணு?"

"சூடாத்தான் இருக்கு" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

ஆபரேஷன் தியேட்டர் கதவை மூடிவிட்டார்கள். இவர் வண்டிக்கும் வராந்தாவுக்குமாக நடக்கிறார். சம்பந்தியம்மா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜனவரி 1, மத்தியானம்

பெண் குழந்தை. இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். மாப்பிள்ளை, இவர், சம்பந்தியம்மா, எல்லோரும் அழுகிறார்கள். நான்தான் அப்பாஸுக்குப் போன் போட்டேன். அவரும் அழுதார்.

ஜனவரி 4, ஞாயிறு

வண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறது. வாட்ச்மேன் முதலில் சத்தம் போட்டார். உள்ளே ஏற்றி, காலைச் சூட்டில் நீட்டவைத்து, ஒரு கிளாஸ் சுக்குக் காபி கொடுத்தேன். இப்போது அவரே வேறு வண்டி வந்து இடிக்காமல் கல் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

ஜனவரி 5, திங்கள்

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சம்பந்தியம்மா நடு அறையைக் கழுவி, கணப்புச் சட்டி வைத்து, தொட்டில் கட்டி வைத்திருக்கிறார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ எங்க வேணும்னாலும் இருக்கட்டுமுங்க சம்பந்தி. எனக்கு ஒண்ணும் மனசுல இல்ல" என்றார். எனக்கும் இல்லை என்றேன்.

நித்திலா எங்கே போவாள் என்று நான் கேட்கப் போவதில்லை. அவள் வாயால் "வீட்டுக்கே போறேம்மா" என்று கேட்க எனக்குத் தெம்பில்லை, அதனால்தான். இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் நர்ஸம்மா வந்து மாத்திரையெல்லாம் எழுதிக் கொடுத்தார். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார். அப்போது அன்றைக்கு வண்டியைப் பார்த்துக் கேட்ட பேங்க்காரப் பெண்ணும் பழக்கூடையோடு அங்கேதான் நின்றிருந்தாள்.

"எந்த ஊரும்மா போறீங்க? ரொம்ப தூரமா? வெளிய பனி கொட்டுது. குழந்தைக்குக் காத்துப் படக் கூடாது."

நான் பையில் என்னத்தையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"எங்கம்மா வீட்டுக்குத்தான் போறேன் சிஸ்டர்" என்றாள் நித்திலா. "தூரமெல்லாம் இல்ல. இதோ, கேட் கிட்ட நிக்குது பாருங்க, அதுதான் எங்கம்மா வீடு."

நர்ஸம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பேங்க்காரப் பெண்ணும் எட்டிப் பார்த்தாள். இவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்க ஆரம்பித்தார். நான் பையை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன், அவர்கள் வருவதற்குள் ஹீட்டரைப் போட்டு வைக்க.